நெட் சென்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: புக்மார்க் போட்டு வைக்க வேண்டிய தளங்கள்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து படி ஏறினால் வரும் சின்னக் கடை என்னுடையது. ஜெராக்ஸ், பட்டா சிட்டா, ஆதார் ஃபாரம், மூன்று கம்ப்யூட்டர். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் சும்மா உட்கார மாட்டார்கள். “அண்ணா, பார்க்கிற மாதிரி ஏதாவது வெப்சைட் இருந்தா சொல்லுங்க” என்பார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

எந்த மாதிரி தளத்தைச் சொல்றீங்க?

ஒரு ஆளோ ஒரு சின்னக் கூட்டமோ ஆசைப்பட்டுக் கட்டி, கைக்காசைப் போட்டோ நன்கொடை வாங்கியோ நடத்துகிற தளங்கள். லாகின் கேட்காது. பாதியில் விளம்பரம் குதிக்காது. ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா’ என்று நச்சரிக்காது. சுதந்திர இணையம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பக்கத்துக்கு வந்து போவதால் நடத்துகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றும் கிடைக்கவில்லை, இருந்தாலும் செய்கிறார் என்றால் பட்டியலில் சேர்த்துவிடுவேன். ஒரு பல்கலைக்கழகத் தளமும் ஓர் ஆய்வகத் தளமும் இடையில் நுழைந்திருக்கின்றன. அவற்றை விட மனசு வரவில்லை.

வெப்சைட் என்பது தொடங்கியதே இப்படித்தான். ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வகத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் உலகத்துக்குக் காட்டிய முதல் தளத்தில் எழுத்தும் இணைப்பும் தவிர வேறெதுவும் கிடையாது. 1993 ஏப்ரல் 30 அன்று, இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று செர்ன் எழுதிக் கொடுத்தது. அந்த முதல் தளம் இன்றும் ‘இன்ஃபோ டாட் செர்ன் டாட் சிஎச்’ என்ற முகவரியில் திறக்கிறது. எங்கள் கடையில் மேகம் இறங்கி நெட் இழுத்துக்கொண்டு கிடக்கிற நாளிலும் சட்டென்று வந்துவிடும்.

கூகுள்ல தட்டினா எல்லாம் வருமே?

‘கோத்தகிரி’ என்று தட்டிப் பாருங்கள். ரிசார்ட், காட்டேஜ், பார்க்க வேண்டிய பத்து இடங்கள், மறுபடி ரிசார்ட். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் ஒருவன் எழுதிய பக்கம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. முதல் பக்கத்தில் வர வேண்டும் என்றே எழுதப்பட்டவை முதல் பக்கத்தில் வருகின்றன, அவ்வளவுதான்.

இதில் எரிச்சலாகி ஸ்வீடனில் விக்டர் லோஃப்கிரென் என்ற ஒருவர் 2021-ல் தனியாளாக ஒரு தேடுபொறி கட்டினார். பெயர் மார்ஜினாலியா. தொடக்கத்தில் அது ஓடியது அவர் வீட்டில் வைத்திருந்த கம்ப்யூட்டரில். விளம்பரமும் ஸ்கிரிப்டும் நிறைந்த பக்கங்களைக் கீழே தள்ளி, எழுத்து அதிகமுள்ள பக்கங்களை மேலே கொண்டுவரும். வைபி என்று இன்னொன்று. அதில் பழைய பாணிப் பக்கங்கள் மட்டும்தான். எதையும் தட்டாமல் ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லும் இணைப்பும் உண்டு. மழை நாளில் அரைமணி நேரம் போவதே தெரியாது. ஃபில் கைஃபோர்ட் என்பவர் 2022-ல் தொடங்கிய ‘ஊ டாட் டைரக்டரி’யில் வலைப்பதிவுகளைப் பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி துறைவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்.

எல்லாமே ஆங்கிலத்துக்குத்தான் என்பது குறை. தமிழுக்கு 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி இருந்தது. யார் புதிதாகப் பதிவு போட்டாலும் அங்கே வந்து நிற்கும். கடை திறந்த புதிதில் காலையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், தினத்தாள் அப்புறம். அந்த இடத்தை ஃபேஸ்புக் பிடித்துக்கொண்டது.

தமிழ்ல படிக்க என்ன இருக்கு? காசு கட்ட முடியாது.

கட்ட வேண்டாம். முதலில் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கி வைத்தது. பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்து தட்டச்சு செய்து, இன்னொருவர் பிழை பார்த்து, ஏற்றினார்கள். அப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற பொது எழுத்துமுறையான யூனிகோடு தமிழ் கைக்கு வரவில்லை. எந்த எழுத்துருவில் அடிப்பது என்பதே பெரிய சண்டை. அடித்ததைத் திஸ்கி என்ற அன்றைய எழுத்துமுறைக்கு மாற்றி, பிறகு யூனிகோடுக்கு மாற்றி, இன்று செல்போனில் படிக்கிற நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சங்க இலக்கியம், கம்பன், சித்தர் பாடல், பாரதி என்று எல்லாம் உண்டு. தளத்தின் தோற்றத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நீளமான ஒரு பட்டியல், வரிசை எண், நூலின் பெயர், அவ்வளவுதான். டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அடுத்தது விக்கிமூலம். நாட்டுடைமையான நூல்களின் ஸ்கேன் பக்கம் ஒரு பக்கம், தட்டச்சான எழுத்து மறுபக்கம் என்று அருகருகே இருக்கும். ஒவ்வொரு பக்க எண்ணுக்கும் ஒரு நிறம்: யாரும் சரிபார்க்கவில்லை என்றால் சிவப்பு, ஒருவர் பார்த்துவிட்டால் மஞ்சள், இரண்டாவது ஆளும் பார்த்துவிட்டால் பச்சை. ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருவர் எங்கள் கடைக்கு வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய் கொடுத்துவிட்டு மஞ்சளைப் பச்சையாக்கிக்கொண்டிருப்பார். “திருத்துறதுக்கு பேப்பர் கட்டு இல்லாம கை ஓடல தம்பி” என்பார். ஸ்கேனில் ‘ள’ கால் மங்கியிருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிவார். அவரிடம் காசு வாங்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்றால் அவர் விடமாட்டார்.

இன்றைய எழுத்தாளர்கள் வேண்டுமென்றால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். எழுதியவரே படைப்பாக்கப் பொதும உரிமத்தில் கொடுத்த நூல்கள், எனவே திருட்டுப் பிடிஎஃப் என்ற உறுத்தல் வேண்டாம். செல்போன் திரைக்கென்று ஆறு அங்குலப் பிடிஎஃப் தனியாக வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். ஏ4 பிடிஎஃபை விரலால் இழுத்து இழுத்துப் படித்த யாருக்கும் அதன் அருமை புரியும்.

கிராமத்துச் செய்தி வேண்டுமென்றால் ‘பாரி’. பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ஊரக இந்தியாவின் மக்கள் காப்பகம். விளம்பரம் கிடையாது, தமிழிலும் வருகிறது, நீலகிரியிலிருந்து எழுதப்பட்ட கட்டுரைகளும் இருக்கின்றன.

எங்க தாத்தா சிலோன்ல இருந்து வந்தவர். அவங்க ஊர்ப் புஸ்தகம் எங்க கிடைக்கும்?

நூலகம் டாட் ஆர்க். இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள், பழைய பத்திரிகைகள், ஆண்டு மலர்கள் என்று எது கிடைத்தாலும் ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். 2005-லிருந்து நடக்கிறது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போனது எல்லோருக்கும் தெரியும். ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் அது என்ன ஆகும் என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கேள்வி நீலகிரியில் வருவது ஆச்சரியமில்லை. 1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் போட்ட பிறகு இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே டான்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டங்களே போடப்பட்டன. கேட்ட பையன் டான்டீ லைன் வீட்டிலிருந்து தாத்தாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இலங்கையில் அட்டன் பக்கத்து மனிதர். மலையக எழுத்தாளர்களின் இதழ் ஒன்றைத் திறந்து வைத்தேன். அவர் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொன்னார். அங்கே ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். “இந்தக் கடையிலதான் கல்யாணத்துக்கு வேட்டி எடுத்தது” என்று சொல்லிவிட்டு, பேரனைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பக்கத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

படுகு, தோடா, கோத்தா மொழிக்கெல்லாம் அகராதி இருக்கா?

தனித்தனியாகத் தேடாமல் ‘திராவிட சொற்பிறப்பியல் அகராதி’யைத் திறங்கள். பரோ, எமனோ என்ற இருவர் தொகுத்தது. இரண்டாம் பதிப்பு 1984. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் முழுதாகக் கிடைக்கிறது. இதில் எமனோ 1935-ல் இந்த மலைக்கு வந்து, தோடர், கோத்தர், படுகர்களோடு உட்கார்ந்து காதால் கேட்டுக் கேட்டு எழுதியவர். அதனால்தான் மற்ற அகராதிகளில் கண்டுகொள்ளாமல் விடும் நம் மலை மொழிகள் இதில் தமிழுக்கு அடுத்த வரியிலேயே நிற்கின்றன.

ஒரு சொல்லைக் காட்டுகிறேன். ஆங்கில எழுத்தில் ‘எருமை’ என்று தட்டினால் 816-ஆம் பதிவு வரும். தமிழ் எருமை, மலையாளம் எரும, கோத்தர் மொழியில் ‘இம்’, தோடா மொழியில் ‘இர்’ மாதிரி ஒலிப்பது, கன்னடத்தில் ‘எம்மெ’. ஒரே மாடு, மலைக்கு மலை வாய் மாறி மாறிப் போயிருக்கிறது. தோடருக்கு எருமைதான் எல்லாமே என்பது தெரிந்தவருக்கு இந்த ஒரு பதிவே போதும், ஒரு மணி நேரம் பேசலாம். ‘கல்’ என்று தட்டினால் நேர்மாறு: தமிழிலும் கல், கோத்தாவிலும் கல், தோடாவிலும் கல். கல் அசையவே இல்லை.

பயன்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். மேலே புள்ளி, கீழே புள்ளி போட்ட ரோமன் எழுத்து. பழகக் கால்மணி நேரம் ஆகும். அதே தளத்தில் 1924-லிருந்து 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் இருக்கிறது. அதில் தமிழிலேயே தேடலாம்.

விடியக்காலையில ஓடைப்பக்கம் யாரோ விசிலடிக்கிறாங்க, ஆளே இல்லை. என்ன அண்ணா அது?

பேய் என்று நினைத்துத்தான் வந்து கேட்டான், ஆறாம் வகுப்புப் பையன். அது சீகாரப் பூங்குருவி. பள்ளிக்கூடம் போகிற பையன் பாட்டு மறந்துபோய் ராகத்தை இழுப்பது மாதிரி இருக்கும். நான் வாயால் சொல்லாமல் ‘சீனோ-கேன்டோ’ தளத்தைத் திறந்து போட்டுக் காட்டினேன். முதல் பத்து விநாடியிலேயே “இதேதான், இதேதான்” என்று குதித்தான்.

2005-ல் நெதர்லாந்தில் இரண்டு பேர் தொடங்கிய தளம் அது. உலகம் முழுவதும் பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்த ஒலிகளை ஏற்றுகிறார்கள். பத்தாயிரம் இனத்துக்கு மேல் கேட்கலாம். ஒவ்வொரு பதிவின் கூடவே ஒலிக்கு ஒரு படம் ஓடும்: மேலே ஏறினால் கீச்சுக் குரல், கீழே இறங்கினால் கட்டைக் குரல். ஒன்று கேட்டு முடித்தால் எங்கள் பக்கத்துச் சிரிப்பான் குருவியையும் தேடிப் பாருங்கள். நீலகிரியில் இருப்பது ஒரு இனம், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பழனி மலையில் இருப்பது வேறு இனம். இரண்டின் குரலையும் அடுத்தடுத்துப் போட்டால் நம் காதுக்கே வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். கூண்டுக்காகப் பிடிக்கப்படும் சில பறவைகளின் ஒலியை அங்கே பூட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சத்தத்தைப் போட்டே பறவையை வலைக்கு வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்.

மழை வருமான்னு பார்க்க எது நம்பகம்?

எச்சரிக்கைக்கு வானிலை ஆய்வு மையம்தான், அதில் விளையாட்டு வேண்டாம். 2009 நவம்பர் மண் சரிவையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதையும் பார்த்தவர்கள் நாம். தமிழ்நாடு வெதர்மேன் என்று எழுதும் பிரதீப் ஜானைப் பலரும் ஏற்கெனவே பார்க்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது ‘எர்த் நல்ஸ்கூல்’. கேமரூன் பெக்காரியோ என்ற ஒருவர் 2013-ல் போட்டது. பூமி உருண்டை மேல் காற்று கோடு கோடாக ஓடும். கீழே ‘எர்த்’ என்ற எழுத்தைத் தொட்டால் ஒரு பெட்டி விரியும். அதில் உயரம் என்ற வரியில் 850 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் காற்று, அதாவது நம் மலைக்கு அக்கம்பக்கத்து உயரம். தரையில் ஓடும் காற்று கோயம்புத்தூர்க்காரர்களுக்கு. ஜூலையில் பார்த்தால் அரபிக்கடலிலிருந்து தடித்த கோடுகள் வந்து மலையில் மோதும். கூடலூர், பந்தலூர் நனைவது அதனால். தொட்டபெட்டா மறைப்பதால் கோத்தகிரிக்குத் தூறல்தான். நவம்பரில் கோடுகள் வங்காள விரிகுடா பக்கமிருந்து திரும்பி வருகிற அன்று நான் கடைக்கூரையில் தார்ப்பாய் கட்டிவிடுவேன்.

ஊட்டி ரயில் பத்தி ப்ராஜெக்ட் பண்ணணும்.

ஐஆர்எஃப்சிஏ. ரயில் பைத்தியங்களின் தளம் (அவர்களே கோபித்துக்கொள்ள மாட்டார்கள்). 1989-ல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் கூடிப் பேசத் தொடங்கியது. அதன் கேள்வி-பதில் பகுதியைப் பார்த்துத்தான் எனக்கே இப்படி எழுதத் தோன்றியது. சிக்னல், பெட்டி எண், எஞ்சின் வகை என்று எதைக் கேட்டாலும் பக்கம் பக்கமாகப் பதில். நம் மலை ரயிலின் பல்சக்கரப் பாதை, சுவிட்சர்லாந்தில் செய்த எக்ஸ் வகை நீராவி எஞ்சின், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் சரிவு எல்லாம் கிடைக்கும். 1899-ல் குன்னூர் வரை வந்த பாதை 1908-ல்தான் ஊட்டியை எட்டியது. அந்த ஒன்பது வருஷத்தை ப்ராஜெக்டில் எழுதுங்கள், டீச்சர் அசந்துபோவார்.

கொடைக்கானல்காரங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1900-களின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டுகளிலும் ஃபிலிமிலும் இருந்ததை எல்லாம் இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டல் ஆக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். உங்கள் பாட்டி பிறந்த தேதியைப் போட்டு, அன்றைக்குச் சூரியனில் எத்தனை புள்ளி என்று பாருங்கள். படம் இல்லாத நாளும் வரும். அன்றைக்குக் கொடைக்கானலில் மேகம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது?

லோ-டெக் மேகசின். பார்சிலோனாவில் கிரிஸ் டி டெக்கர் நடத்துவது. 2018-லிருந்து இதன் ஒரு வடிவம் வீட்டு பால்கனியில் வைத்த சோலார் தகடு ஒன்றின் மின்சாரத்தில் ஓடுகிறது. பக்கத்தின் பின்னணியில் ஒரு நிறப்பட்டை ஏறி இறங்கும், அதுதான் பேட்டரி அளவு. அங்கே சில நாள் வெயில் இல்லையென்றால் தளமே திறக்காது. படங்களைப் பழைய செய்தித்தாள் படம் மாதிரி புள்ளி புள்ளியாகச் சுருக்கி வைத்திருப்பதால் பக்கம் இலேசாக இருக்கும்.

ஒரு நாள் மதியம் திறக்கிறேன், வரவில்லை. நம் லைன்தான் போச்சு என்று மோடத்தை இரண்டு முறை தட்டினேன். மற்றதெல்லாம் வருகிறது. பிறகுதான் புரிந்தது, அங்கேயும் மூடுபனி. கரண்ட் போனால் கடையை இழுத்துச் சாத்துகிற எனக்கு அந்த மனிதரை நேரில் தெரிந்த மாதிரி ஆகிவிட்டது.

எங்க ஹட்டியில (படுகர் ஊர்ல) சிக்னலே இல்லை. இதெல்லாம் எப்படிப் பார்க்கறது?

கிவிக்ஸ் என்ற செயலியைப் போட்டு, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். கடையில் வந்து பென்டிரைவில் வாங்கினாலும் சரி. பிறகு நெட்டே வேண்டாம்.

மேப்புக்கு ஆர்கானிக் மேப்ஸ். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவை இறக்கி வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாமலே வழி காட்டும். 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எங்கள் ஹட்டியின் பெயரை அதில் போட்டவன் நான்தான். தேயிலைக் காட்டுக்கு நடுவில் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையையும், வழியில் இருக்கும் குடிநீர்க் குழாயையும் சேர்த்தேன். அடுத்த மாதம் யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்தப் பாதையில் இருக்கும் பன்னிரண்டு படிக்கட்டைக் குறித்துவிட்டுப் போயிருந்தார். யார் வந்து எண்ணினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

பச்சைத் தேயிலை விலை எந்த சைட்ல வரும்?

தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும், அவர்கள் தளத்தில் பாருங்கள். இந்தப் பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுக்க வருகிறவரின் முகத்தைப் பார்த்தே எனக்கு விலை தெரிந்துவிடும்.

பாமினி ஃபான்ட்ல அடிச்ச பழைய மனுவை எப்படி மாத்தறது?

சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி. ஒரு பெட்டியில் பழையதை ஒட்டினால் இன்னொரு பெட்டியில் யூனிகோடு வரும். என் கடையில் அதிகம் திறக்கப்படும் பக்கம் அதுதான்.

புக்மார்க் போட்டது இப்ப திறக்கலை. போச்சா?

அநேகமாகப் போயிருக்கும், ஆனால் வேபேக் மெஷினில் ஒருமுறை பாருங்கள். 1996-ல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையப் பக்கங்களைப் படி எடுத்துக்கொண்டே இருக்கிறது. பழைய முகவரியைக் கொடுத்தால் எந்தெந்த தேதியில் படி எடுத்தார்கள் என்று காலண்டர் காட்டும். 2006-ல் ஒரு பழைய மாணவர் சங்கம் போட்ட பக்கத்தைத் தேடி ஒரு பெண் வந்தார், அப்பாவின் குரூப் போட்டோவுக்காக. பக்கம் கிடைத்தது. பெயர்ப் பட்டியல் கிடைத்தது. போட்டோ இருந்த இடத்தில் உடைந்த படக்குறி மட்டும். எழுத்துதான் அதிகம் பிழைக்கிறது, படம் பாதிக்குப் பாதி. உங்களுக்கு முக்கியமான பக்கத்தை நீங்களே அங்கே சேமிக்கச் சொல்லலாம். ‘சேவ் பேஜ் நவ்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது.

தினமும் ஒவ்வொரு தளமா போய்ப் பார்க்க நேரமில்லை.

செய்தியோடை இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்? ‘ஆர்எஸ்எஸ்’ எனும் ஆரஞ்சு நிறச் செய்தியோடைக் குறி உள்ள தளங்களைச் செல்போனில் ‘ஃபீடர்’ மாதிரி ஒரு செயலியில் சேர்த்துவிட்டால், புதிதாக எழுதியது மட்டும் வந்து சேரும். எதை முதலில் காட்டுவது என்று யாரும் முடிவு செய்ய மாட்டார்கள், தேதிப்படி வரும். 2013 ஜூலையில் கூகுள் ரீடரை மூடியபோது இந்தப் பழக்கமே செத்துவிட்டது என்றார்கள். சாகவில்லை.

புக்மார்க்கை எங்க வெச்சா பத்திரம்?

என் கதையைக் கேளுங்கள். எட்டு வருஷம் சேர்த்த புக்மார்க்குகள் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. இடி விழுந்த இரவில் போச்சு. யுபிஎஸ் வாங்கக் கஞ்சத்தனம் பட்டது நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. இப்போது மாதம் ஒருமுறை பிரவுசரில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து, அந்த ஒற்றைக் கோப்பைப் பென்டிரைவிலும் எனக்கே அனுப்பிய மெயிலிலும் வைக்கிறேன். பெயர் மட்டும் இருந்தால் பின்னால் ஞாபகம் வராது. ‘விசில் குருவி’, ‘850 காற்று’ என்று உங்கள் வாய்மொழியில் பெயர் மாற்றி வையுங்கள்.

நானே ஒண்ணு ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. நியோசிட்டீஸ் என்று 2013-லிருந்து கைல் டிரேக் நடத்துவது இருக்கிறது. காசில்லாமல் 1 ஜிபி இடம், விளம்பரம் கிடையாது. 2009-ல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது ஏராளமான வீட்டுப் பக்கங்கள் காணாமல் போன வருத்தத்தில் பிறந்தது, பெயரிலேயே தெரியும்.

பக்கத்து ஹட்டிக் கல்லூரிப் பெண் ஒருத்தி எங்கள் கடையில் உட்கார்ந்து அங்கே ஒரு தளம் போட்டாள். அவள் பாட்டி, வீட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஓடைக்கும் பாறைக்கும் மேட்டுக்கும் சொல்லும் பெயர்கள். பதினோரு பக்கம். முதல் நாள் ஏற்றியதும் தமிழ் எழுத்து பூராவும் கட்டம் கட்டமாக வந்து அழாத குறை. கோப்பின் தலையில் எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்ற ஒரு வரியைச் சேர்த்தோம், நோட்பேடிலும் அப்படியே சேமித்தோம், சரியாகிவிட்டது. போட்டோக்களை அகலம் 640-க்குச் சுருக்கினோம். பாட்டிக்குக் காட்ட வேண்டும் அல்லவா, அங்கே சிக்னல் ஒரு கோடுதான். பாட்டி பார்த்துவிட்டு இரண்டு பெயர் தப்பு என்றாராம். அன்று சாயங்காலமே திருத்தினாள்.

கோப்புகளின் இன்னொரு படி பென்டிரைவில் இருக்கட்டும். இலவச இடம் என்றைக்கு மூடும் என்று எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள்.

இந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துத் தருவீங்களா?

தருகிறேன், பக்கத்துக்கு ஐந்து ரூபாய். மதியம் இரண்டுக்கு மேல் வாருங்கள், காலையில் கரண்ட் இல்லை.